கிரிம்ஷா புகைப்படத்தின் மேல் வண்ணம் பூசினாரா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜான் அட்கின்சன் கிரிம்ஷா வரைந்த நிலவொளி வீதி ஒன்றின் அச்சுப்படத்தை வாங்கி வீட்டில் மாட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த நண்பர், "இது ஓவியமே இல்லை, புகைப்படத்தின் மேல் வண்ணம் தடவியது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது உண்மையா என்பது முதல் கேள்வி. உண்மையென்றால் அவரை நல்ல ஓவியர் என்று சொல்லலாமா என்பது இரண்டாவது. எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்கியிருக்கும் நீங்கள், அந்த வானத்தின் மஞ்சள் கலந்த பச்சை எப்படி வருகிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருப்பது மூன்றாவது. என்னைக் கேட்டால், அந்த மூன்றாவதில்தான் மற்ற இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுப் பல ஆண்டுகளாக எண்ணெய் வண்ணம் கற்பித்து வருகிறேன். பழைய கான்வாஸ்களைச் சுத்தம் செய்து செப்பனிடும் வேலையும் செய்கிறேன். கிரிம்ஷாவின் படங்களை ஆய்வகத்தில் வைத்துச் சோதிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே கீழே சொல்வதில் ஆவணங்களால் உறுதிப்பட்டது எது, காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது எது, கைப்பழக்கத்தை வைத்து நான் ஊகிப்பது எது என்று பிரித்துச் சொல்லவே முயல்கிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். அவர் புகைப்படங்களைப் பயன்படுத்தினார் என்பது உண்மை. லென்ஸ் வைத்த கருவியின் துணையோடு உருவக்கோடுகளைக் கான்வாஸில் இறக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. சில படங்களைப் பார்த்தால் நம்பவும் முடிகிறது. புகைப்படத்தின் மேலேயே வண்ணம் பூசினார் என்பது, அவருடைய புகழ்பெற்ற இரவுக்காட்சிகளைப் பொறுத்தவரை, நிற்காத குற்றச்சாட்டு. ஏன் நிற்காது என்பதற்கு அவருடைய வாழ்க்கையையும் அந்தக் காலத்துக் கேமராவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிரிம்ஷா 1836இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் பிறந்தார். பாப்டிஸ்ட் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த கண்டிப்பான குடும்பம். மகன் படம் வரைவது தாய்க்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை வண்ணங்களை எடுத்து நெருப்பில் போட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரிம்ஷா கடிதங்களையோ நாட்குறிப்பையோ விட்டுச் செல்லவில்லை. அவரைப் பற்றி உலவும் சுவையான செய்திகளில் பல குடும்பத்தார் வழியாகவும் நண்பர்கள் வழியாகவும் வந்து சேர்ந்தவை. உறுதியானது என்னவென்றால், இளம் வயதில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்தார். எந்த ஓவியப் பள்ளியிலும் முறையாகப் படிக்கவில்லை. 1861இல், கல்யாணமாகிக் குடும்பம் வைத்த பிறகு, அந்த வேலையை உதறிவிட்டு முழுநேர ஓவியரானார். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த கீழ்நடுத்தரக் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் பழங்கள், இறந்த பறவைகள், கூடுகள், பாசி படிந்த கற்கள் என்றுதான் வரைந்தார். லீட்ஸ்காரரான ஓவியர் ஜான் வில்லியம் இஞ்ச்போல்ட் வழியாக, முன்ரஃபேலியர்கள் என்ற ஆங்கில ஓவியர் குழுவின் பாணி அவரைப் பிடித்துக்கொண்டது. இயற்கையில் இருப்பதை ஒரு இலைகூட விடாமல் அப்படியே வரைய வேண்டும் என்ற பிடிவாதம் அந்தப் பாணியின் உயிர். இந்தக் காலத்தில் அவர் வரைந்த படங்களில் ஒன்று லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கும் 'பௌடர் கல், பாரோடேல்'. இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் என்ற மலைப்பகுதியில் இருக்கும் பிரம்மாண்டமான தனிப்பாறை அது. அந்தப் படத்தில் பாறையின் ஒவ்வொரு விரிசலும் தூரத்து மலைச்சரிவின் ஒவ்வொரு மடிப்பும் ஒரே கூர்மையோடு இருக்கும். மனிதக் கண் அப்படிப் பார்ப்பதில்லை. ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் மற்றது மங்கும். லென்ஸ்தான் எல்லாவற்றையும் சமமாகப் பார்க்கும். ஏரி மாவட்டக் காட்சிகள் கொண்ட புகைப்படத் தொகுப்பு ஒன்று கிரிம்ஷாவிடம் இருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆக, 1860களின் நிலக்காட்சிகளில் புகைப்படத்தின் கை இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. இதை அவர் மட்டும் செய்யவில்லை. அந்தத் தலைமுறை ஓவியர்களில் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் அதைத் தூரிகை வீச்சால் மறைத்தார்கள். கிரிம்ஷாவின் படப்பரப்பு வழவழவென்று இருப்பதால் அவர் மாட்டிக்கொண்டார்.

அந்த வழவழப்புதான் அவர் காலத்திலேயே சந்தேகத்தைக் கிளப்பியது. தூரிகை போன தடமே தெரியவில்லை, இதை ஓவியம் என்று ஏற்பதா வேண்டாமா என்று சக ஓவியர்கள் சிலர் தயங்கினார்கள். உங்கள் நண்பரின் காதுக்கு எட்டியிருப்பது அந்தப் பழைய முணுமுணுப்பின் எதிரொலியாக இருக்கலாம். தயங்கியது வேறு, அம்பலமானது வேறு.

இனி இரவுக்காட்சிகளுக்கு வருவோம். 1867இல் விட்பி துறைமுகத்தை நிலவொளியில் வரைந்ததிலிருந்து அவருடைய உண்மையான பாதை தொடங்குகிறது. அதற்குப் பிறகு லீட்ஸ், ஸ்கார்பரோ, லிவர்பூல், கிளாஸ்கோ, லண்டன் என்று ஊர் ஊராக ஈரம் படிந்த தெருக்களும் கப்பல் பாய்மரங்களும் நிலவும் அவர் கையில் மாறி மாறி வருகின்றன. இவற்றில் ஒன்றைக்கூட அன்றைய கேமராவால் எடுத்திருக்க முடியாது என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். அவர் தொழிலுக்கு வந்தபோது புழக்கத்தில் இருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். பட்டப்பகல் வெயிலிலேயே சில விநாடிகள் தேவைப்படும். நடந்து போகிற ஆள் பதியமாட்டார், அல்லது புகை போலக் கலைந்து போவார். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. அந்தத் தகடுகளுக்கு நீலம்தான் கண். மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. அன்றைய தெருவிளக்கோ மஞ்சளாக எரியும் எரிவாயு விளக்கு. கிரிம்ஷாவின் படங்களுக்கு உயிர் கொடுப்பதே கடைச் சன்னல்களிலிருந்து ஈரத் தரையில் சிந்தும் அந்த மஞ்சள் வெளிச்சம்தான். தகட்டுக்குத் தெரியாத நிறத்தைத் தகட்டிலிருந்து எப்படி எடுக்க முடியும்?

அந்தக் காலத்தில் நிலவொளிப் புகைப்படம் என்று விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, மேகத்துக்குள் சூரியன் மறையும் நேரத்தில் எடுத்து, கருமையாக அச்சிட்டுத் தந்தவை. 1870களின் இறுதியில் உலர் தகடுகள் பரவலாகி வேகம் கூடிய பிறகும், தெருவிளக்கு வெளிச்சத்தில் நகரத்தைப் படமெடுப்பது பெரிய சாதனையாகவே இருந்தது. புகைப்படக் கலைஞர் பால் மார்ட்டின் லண்டன் இரவுகளைக் கேமராவில் பிடித்துப் பாராட்டு வாங்கியது 1890களின் நடுப்பகுதியில்தான். அதற்கும் நீண்ட நேரம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கிரிம்ஷா 1893 அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

எனவே, அதிகபட்சமாக நடந்திருக்கக்கூடியது இது: பகலில் எடுத்த புகைப்படத்திலிருந்தோ லென்ஸ் கருவியிலிருந்தோ கட்டடங்களின் கோடுகளை எடுத்துக்கொண்டு, இரவை முழுவதும் கையால் படைத்தார். லீட்ஸின் 'போர் லேன்', 'பார்க் ரோ' போன்ற நகரத்தெருப் படங்களில் சன்னல் வரிசைகள் தொலைவில் சுருங்கிப் போகும் கணக்கு பிசகாமல் இருப்பதைப் பார்க்கும்போது, ஏதோ ஒரு துணை இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆய்வகத்தில் இதைச் சரிபார்க்க வழி உண்டு. அகச்சிவப்புக் கதிர் கொண்டு பார்த்தால் வண்ணத்தின் அடியில் இருக்கும் பென்சில் கோடுகள் தெரியும். கைபோன போக்கில் வரைந்த கோடு எது, எதையோ பார்த்து இழுத்த கோடு எது என்று பழகிய கண் சொல்லிவிடும். வண்ணத்துக்கு அடியில் புகைப்படமே இருந்தால், ஓரத்தில் ஊசிமுனையளவு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாலே வெள்ளித் துகள்களின் படலம் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிச் சோதிக்காமல், பரப்பு வழவழப்பாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரை மோசடிக்காரர் என்பது அநியாயம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லிவர்பூல் துறைமுகத் தெருவை 1887இல் வரைந்த படம் டேட்டில் இருக்கிறது. நல்ல தெளிவில் கிடைத்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் கப்பல்களின் கயிறுகளும் பாய்மரங்களும். மறுபக்கம் விளக்கெரியும் கடைகள். நடுவில் மழை பெய்து ஓய்ந்த தெரு. அந்தத் தெருவில் சில அங்குலங்களை மட்டும் கவனியுங்கள். சேற்றில் வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளம் ஒன்று ஓடுகிறது. அதன் ஒரு விளிம்பு கடை வெளிச்சத்தை வாங்குகிறது, மறு விளிம்பு வானத்தின் வெளிச்சத்தை வாங்குகிறது. இரண்டும் ஒரே நிறமில்லை. ஒன்று செம்மஞ்சளுக்கு அருகில், மற்றது சாம்பல் பச்சைக்கு அருகில். ஒரே ஈரத்தில் இரண்டு ஒளிகளைப் பிரித்துக் காட்ட முடிந்த கைக்கு, அடியில் யாருடைய கோடு இருந்தால் என்ன? கோடு போடுவது ஓவியத்தின் ஒரு பங்கு; இங்கே நம்மை நிறுத்தி வைப்பது ஒளி, அது முழுக்க அவருடையது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். உண்மையான நிலவொளியில் உலகம் இப்படிப் பொன்பச்சையாகத் தெரியாது. வெளிச்சம் மிகக் குறைந்தால் நம் கண்ணில் நிறம் பிரித்தறியும் செல்கள் ஓய்ந்துவிடும்; எல்லாம் நீலம் கலந்த சாம்பலாகத்தான் தெரியும். கிரிம்ஷாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, இரவில் நடப்பவர்தானே. ஆனால் அவர் வாழ்ந்த லீட்ஸ், கம்பளி ஆலைகளும் நிலக்கரிப் புகையும் மண்டிய ஊர். புகையும் ஆற்றுப் பனியும் எரிவாயு விளக்கும் சேர்ந்த அந்தக் காற்றுக்கே ஒரு மஞ்சள் உண்டு. தன் ஊரின் அழுக்குக் காற்றையே எடுத்து அழகாக்கியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். இதற்கு ஆவணச் சான்று கிடையாது. படங்களை வருடக்கணக்கில் பார்த்ததில் உண்டான அபிப்பிராயம்.

அவருடைய நல்ல காலம் 1870களில் வந்தது. 1870இல் லீட்ஸுக்குக் கிழக்கே இருந்த நோஸ்ட்ராப் ஹால் என்ற பதினேழாம் நூற்றாண்டு மாளிகைக்குக் குடிபோனார். அந்த வீட்டின் முகப்பையும் வாசல் தூண்களையும் பிறகு அவர் வரைந்த வேறு வேறு வீடுகளிலும் பார்க்கலாம்; இருக்கும் வீட்டுக்கு இல்லாத சன்னல் வைப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை. இதுவும் புகைப்படக் குற்றச்சாட்டுக்கு எதிரான சாட்சிதான். கடலோர ஊரான ஸ்கார்பரோவில் இரண்டாவதாக ஒரு வீடும் வைத்திருந்தார். அங்கே 1876இல் ஸ்பா கட்டடம் தீப்பற்றி எரிந்ததைக் கண்டு அதையும் இரவுக்காட்சியாக்கினார். ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதைகளில் அவருக்கு அப்படி ஒரு பற்று. எலேய்ன், ஷாலட் சீமாட்டி என்று கவிதை மாந்தர்களை வரைந்ததோடு தன் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்களைச் சூட்டினார். பிறந்த குழந்தைகளில் பலரை அந்தத் தம்பதி சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். அந்த நீண்ட சந்துகளில் முதுகைக் காட்டிக்கொண்டு தனியே நடந்து போகும் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஆனால் இரண்டையும் முடிச்சுப்போட எந்த ஆதாரமும் இல்லை. அப்படி முடிச்சுப்போட்டு எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

1879 வாக்கில் பணமுடை வந்தது. ஸ்கார்பரோ வீட்டைக் கைவிட்டார். கடனை அடைக்க வேண்டிய நிலையில் படங்களை வேகவேகமாக வரைந்தார். அவர் மேல் நியாயமாக வைக்கக்கூடிய குற்றம் இங்கேதான் இருக்கிறது. கல்மதில், இலையுதிர்ந்த மரம், நிலவு, மதிலுக்குப் பின்னால் விளக்கெரியும் மாளிகை, தனியே ஒரு பெண் என்ற அமைப்பு விலைபோனது. அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றில் சில ஆகச்சிறந்த படங்கள், சில கை மட்டும் வேலை செய்த படங்கள். புகைப்படம் பற்றிய வழக்கை விட்டுவிட்டு உங்கள் நண்பர் இதைப் பேசியிருந்தால் நான் பாதி வழி அவரோடு போயிருப்பேன். மீதி வழி போகாததற்குக் காரணம், 1880இல் வரைந்த 'தேம்ஸில் பிரதிபலிப்புகள், வெஸ்ட்மின்ஸ்டர்' போன்ற படங்களும் அதே நெருக்கடிக் காலத்தில்தான் வந்தன. அந்தப் பத்தாண்டில் லண்டன் செல்சியில் சில காலம் ஸ்டூடியோ வைத்திருந்தார். பக்கத்தில், இரவுக்காட்சிகளுக்குப் பெயர்பெற்ற ஓவியர் விஸ்லர். இரவுக்காட்சிகளைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று கிரிம்ஷாவின் நிலவுப் படங்களைப் பார்க்கும்வரை நினைத்திருந்ததாக விஸ்லர் சொன்னார் என்பார்கள். அவர் சொன்னதாக மற்றவர்கள் சொன்ன வாக்கு அது. அந்த அளவுக்கே அதற்கு எடை கொடுங்கள். லண்டனின் ஓவியர் அமைப்பான ராயல் அகாதமி கிரிம்ஷாவை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களே அங்கே தொங்கின. வாங்கியவர்கள் பெரும்பாலும் வடக்கு இங்கிலாந்தின் வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும்.

கடைசி ஆண்டுகளில், உடல் தளர்ந்திருந்தபோது, பனிமூட்டமும் வெண்பனியுமாகச் சில சிறிய படங்களை வரைந்தார். அவற்றில் விவரம் குறைந்து காற்று மட்டும் மிஞ்சுகிறது. புதிய திசையொன்றில் அவர் கால் வைத்த நேரத்தில் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

நீங்கள் வைத்திருப்பது அச்சுப்படம் என்பதால் இது உங்களுக்குத் தேவைப்படாது. ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாராவது அசல் என்று எதையாவது வாங்கப் போனால் எச்சரிக்கை வேண்டும். அவருடைய பிள்ளைகளில் ஆர்தர், லூயிஸ், வில்ஃப்ரெட், எலேய்ன் நால்வரும் ஓவியர்கள். ஆர்தரும் லூயிஸும் வரைந்த நிலவுத் தெருக்கள் தந்தையின் படங்களுக்கு மிக நெருக்கமானவை. வெளியிலும் அவரைப் பார்த்து வரைந்தவர்கள் இருந்தார்கள். தவிர, அவருடைய கையெழுத்தே 1860களில் மாறியது. பின்னாளில் ஜான் என்பதை விட்டுவிட்டு அட்கின்சன் கிரிம்ஷா என்று மட்டும் போட்டார். திரையில் தெரியும் படத்தை வைத்து இது அவருடையதா என்று என்னால் சொல்ல முடியாது. சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம்.

இப்போது அந்த வானம். குழாயிலிருந்து வரும் பச்சையை வெள்ளையோடு கலந்து பூசினால் அது வரவே வராது. சுவருக்கு அடித்த டிஸ்டெம்பர் போல இருக்கும். அடியில் வெளிச்சம் இருக்க வேண்டும், மேலே ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் இருக்க வேண்டும். வெளிச்சம் படலத்துக்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெளிறிய பூச்சில் பட்டுத் திரும்பி வரும்போது நிறம் ஏற்றிக்கொண்டு வருகிறது. இதைத்தான் கிளேஸ் என்கிறோம். கிரிம்ஷா வண்ணத்தை மெல்லிசாகவே இட்டார் என்பது அசலைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வது. அவர் எந்தெந்த வண்ணக் குழாயைப் பயன்படுத்தினார் என்று நான் சொல்லப்போவதில்லை. என் மாணவர்கள் எதை வைத்து அதன் அருகில் போகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

வழவழப்பாகத் தேய்த்த பலகை ஒன்றை எடுத்து வெள்ளைப் பூச்சு கொடுங்கள். சொரசொரப்பான கான்வாஸ் இதற்கு ஆகாது. வானம் முழுவதையும் வெள்ளையில் மிகச் சிறிதளவு மஞ்சள் காவி கலந்து பூசுங்கள். நிலவு இருக்கும் இடத்தில் வெளிச்சம் அதிகமாகவும் ஓரம் போகப்போகக் குறைவாகவும் இருக்கட்டும். தூரிகைத் தடம் தெரியாதபடி அகன்ற மென்தூரிகையால் நீவிவிடுங்கள். இது நன்றாக உலர வேண்டும். ஒட்டும் பதத்தில் அவசரப்பட்டு மேலே போனால் அடிப்பூச்சு கிளம்பி எல்லாம் சேறாகிவிடும். உலர்ந்த பிறகு விரிடியன் பச்சையோடு ரா அம்பர் பழுப்பைச் சேர்த்து, ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் விட்டு, தேநீர் அளவுக்கு நீர்க்கக் கரைத்து, வானம் முழுக்கத் தடவுங்கள். உடனே பழைய பருத்தித் துணியை விரலில் சுற்றி, நிலவைச் சுற்றி வட்டமாகத் துடைத்து எடுங்கள். துடைத்த இடத்தில் அடியிலிருக்கும் மஞ்சள் எழும். ஒரே பூச்சில் திருப்தியாகாது. உலரவிட்டு, இன்னும் மெல்லிசாக, இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணெயைச் சற்றே கூட்டுங்கள். மேல்பூச்சில் எண்ணெய் குறைந்தால் பின்னாளில் வெடிக்கும்.

கிளைகளைக் கடைசியில் போடுங்கள். நீண்ட மயிர் கொண்ட மெல்லிய தூரிகை, மை போல ஓடும் வண்ணம், அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. கறுப்பை அப்படியே எடுக்காதீர்கள். அம்பரோடு சிறிது நீலம் போதும். நிலவுக்கு முன்னால் வரும் கிளையை மட்டும் இன்னும் மெல்லிசாக, சற்று வெளிறிய பழுப்பாகப் போடுங்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் விளிம்பைத் தின்றுவிடுவதால் அங்கே கிளை இளைத்துத் தெரியும். இதைச் செய்யாமல் விட்டால் நிலவு, வானத்தில் ஒட்டிய வட்டக் காகிதம் போல நின்றுவிடும்.